டயர் தானாக வெடிப்பதில்லை

‘டயர் வெடித்ததில் கட்டுப்பாட்டை இழந்த கார், சாலைத் தடுப்பைத் தாண்டி எதிரே வந்த வண்டி மீது மோதியது.’ கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் இப்படியொரு செய்தியைப் படிக்காத வாரம் உண்டா? ஊர்ப் பெயரும் இறந்தவர்களின் எண்ணிக்கையும்தான் மாறுகின்றன. அந்த வாக்கியத்தில் எழுவாய் எது என்று பாருங்கள். முதலில் டயர், பிறகு கார். மனிதர் ஒருவரையும் காணோம். வானத்திலிருந்து இடி விழுந்த கணக்கில் எழுதுகிறார்கள். நாமும் ‘நேரம் சரியில்லை’ என்று சொல்லி, மாலை வாங்கிக்கொண்டு துக்கத்துக்குப் போய் வருகிறோம்.

இதைச் சொல்ல எனக்குப் பெரிய தகுதி கிடையாது. போன மே மாதம் குடும்பத்தோடு திருச்சிக்குப் போகும் வழியில், தொழுதூர் பக்கம் ஸ்டியரிங் லேசாக ஆடியது. பஞ்சராக இருக்கும் என்று ஓரத்துக் கடையில் நிறுத்தினேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். முன் சக்கரத்தின் எதிரே குந்தி உட்கார்ந்து, டயரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. “இங்க தொட்டுப் பாருங்க சார்.” பக்கவாட்டில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம். உள்ளே நூல் அறுந்துபோய், வெறும் ரப்பர்தான் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. பிறகு கட்டைவிரலை ஊன்றி அழுத்தினார். மயிரிழை வெடிப்புகள் வாயைத் திறந்தன.

“டயருக்கு என்ன வயசு சார்?”

“பட்டன் நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து, பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 2217. 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் பிறந்த டயர். “எட்டு வருசம் வெயில் குடிச்ச ரப்பர். ஓடினாலும் கெடும், நின்னாலும் கெடும்.” பின் சீட்டில் அம்மாவும் தங்கையின் இரண்டு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை கிளம்பும்போது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருந்தேன். காற்று பார்க்கவில்லை.

அய்யா, இன்னும் பத்து கிலோமீட்டரில் அது வெடித்திருந்தால் செய்தியின் எழுவாய் டயராகத்தான் இருந்திருக்கும். செய்தவன் நான்.

டயரைக் கொல்வது சூடு. அந்தச் சூட்டைப் பெரும்பாலும் கிளப்புவது காற்றுக் குறைவு. காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார்ச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 முறை சுற்றுகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சூடேறி அறுந்துபோகும். டயருக்குள் நடப்பதும் அதுதான். ரப்பரும் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியும் ஒட்டுவிட்டுப் பிரிகின்றன. வெளியே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. மேல்பட்டை உரிந்து பறக்கும்போதுதான் தெரியும்.

ஆனால் நம் ஊரில் என்ன சொல்கிறோம்? “வெயில் காலம், காத்து விரியும், ரெண்டு பாயிண்ட் குறைச்சு வை.” அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் ஞானம் இது. தவறு. ஓடினால் சூட்டில் அழுத்தம் கூடும் என்பது டயர் செய்தவனுக்கும் தெரியும். அதையும் சேர்த்துத்தான் அளவு குறித்திருக்கிறான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த அளவு இருக்கிறது. முழுச் சுமைக்கென்று தனி அளவும் பெரும்பாலும் உண்டு. ஏழு பேரையும் கூரை மேல் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது எண்ணை. காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் காற்றை இறக்கக் கூடாது.

வண்டி மெத்தென்று போக வேண்டும் என்பதற்காகவும் சிலர் காற்றைக் குறைப்பார்கள். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு நிறுவனமே 26 பாயிண்ட் என்ற குறைந்த அளவைப் பரிந்துரைத்திருந்தது. அதில் மாட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே பட்டை உரிந்தன. அமெரிக்க அரசின் கணக்கில் 271 சாவுகள். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. டயர்க்காரர் காரைக் கைகாட்டினார், கார்க்காரர் டயரைக் கைகாட்டினார். ஆனாலும் அங்கே ‘யார் செய்தது’ என்று கேட்டார்கள். அந்த ஆண்டே சட்டம் வந்தது. காற்று குறைந்தால் விளக்கு எரிந்து எச்சரிக்கும் கருவி புது வண்டிகளில் கட்டாயமானதும் அதன் வழியாகத்தான். இங்கே நாம் பூசணிக்காய் உடைக்கிறோம்.

லாரி முதலாளிகளிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டும். பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர்கள். சட்டம் அந்த அச்சுக்கு அனுமதிக்கும் எடை 11.5 டன், டயர் ஒன்றுக்குச் சுமார் 2.9 டன். உள்பக்க டயரில் காற்று இறங்கிவிட்டால் வண்டி சாயாது. பக்கத்து டயர் இரண்டு பேர் சுமையையும் ஏற்றுக்கொண்டு ஓடும். ஓட்டுபவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் சுமக்கிற டயர் வெடிக்கும். அல்லது சுருங்கிய டயர் உரசி உரசிப் புகையும், தீப்பிடிக்கும். இதற்காகத்தான் அந்தக் காலத்து கிளீனர் நிறுத்துமிடந்தோறும் இறங்கி, இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிச் சத்தம் கேட்டான். ‘டங்’ என்றால் சரி, ‘தொப்’ என்றால் காற்றில்லை. செலவு மிச்சம் என்று கிளீனரை நிறுத்திவிட்டீர்கள். அவன் செய்த வேலையை யாரிடம் கொடுத்தீர்கள்? விடிவதற்குள் லோடு இறக்கச் சொல்லி நாலு போன் போட்ட பிறகு டிரைவர் எங்கே இறங்கித் தட்டுவார்? ரீட்ரெட் செய்த டயரைக் குறை சொல்லவில்லை. நல்ல உடம்புள்ள டயரில் ஒழுங்காகச் செய்தது நன்றாகவே ஓடும். அதை முன் சக்கரத்தில் மாட்டாதீர்கள். முன் டயர் போனால் ஸ்டியரிங்கே கையை விட்டுப் போகும்.

இன்னொரு சங்கதி, சொல்லவே கூசுகிறது. மொட்டையான கார் டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் கீறி, கறுப்பு மை பூசி விற்கிறார்கள். பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு ஒன்று வைத்திருப்பார்கள், உயரம் 1.6 மில்லிமீட்டர். மேல்பரப்பு தேய்ந்து அதற்குச் சமமாகிவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அதற்குமேல் கீறும் கத்தி கம்பியைக் காக்கும் ரப்பரைத்தான் தின்கிறது. அதை வாங்குவது யார்? பிள்ளைகளை ஏற்றும் வேன்காரர், தவணை கட்ட முடியாத வாடகைக் கார்க்காரர். விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்கும் பாதி தெரியும். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாது. திருட்டில் காசு போகும். இதற்கு என்ன பெயர் வைப்பது?

ஓடும்போது வெடித்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள். கால் தானாக அங்கேதான் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, வேகம் தானாக விழுந்த பிறகு இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஒதுங்கியதும் எல்லோரையும் இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். வண்டிக்குப் பின்னால் நின்று ஸ்டெப்னி எடுக்கும்போது செத்தவர்கள் உண்டு.

அன்று அந்தப் பெரியவர் என் ஸ்டெப்னியையும் அழுத்திப் பார்த்தார். அதில் காற்றே இல்லை. காற்றடித்து மாட்டி, பெரம்பலூரில் நாலு டயரையும் மாத்திட்டுத்தான் மேலே போகணும் என்று சொல்லி, “அம்பதைத் தாண்டாதீங்க” என்றார். போகும்போது, கழற்றிய டயரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தார். முழங்காலால் டயரை அமுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்கு அறுத்தார். “இல்லேன்னா நாளைக்கு எவனாவது வந்து கேப்பான் சார்.”

நாளைக் காலை, வெயில் ஏறும் முன், உங்கள் வண்டியின் ஐந்து டயர்களிலும் அந்த நான்கு எண்களைப் படித்துவிடுங்கள். ஐந்து வயதைத் தாண்டியிருந்தால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மாற்றினால், பழையதை நாலு காசுக்கு விற்காதீர்கள். உங்கள் கண் முன்னால் அறுத்துப் போடச் சொல்லுங்கள்.