"நாளை பார்த்துக்கொள்ளலாம்": தபூக் தரும் பாடம்

(நாவலூர் ஜுமுஆ பயானின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடக்கும் நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

நம் நாவலூரில் அதிகம் காதில் விழும் வார்த்தை எது? "டைம் இல்லை பாய்." ஸலாம் சொல்லி நலம் விசாரித்தால் அடுத்து வருவது அதுதான். அதில் பொய்யும் இல்லை. ஒருவர் சிறுசேரி சிப்காட்டுக்குப் போகிறார், ஒருவர் சோழிங்கநல்லூர் பக்கம் போகிறார். மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் வண்டி நகர்கிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். இந்த ஜுமுஆவுக்கே இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவில் ஓடி வந்து கடைசி ஸஃப்பில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வருகையை அல்லாஹ் கபூல் செய்வானாக.

இன்று உங்கள் அலுவலக வேலையைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. நம் ஒவ்வொருவர் மனதிலும், மாற்றியே ஆக வேண்டும் என்று நமக்கே தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. யாரும் வந்து எடுத்துச் சொல்லத் தேவையில்லை. முடிவும் எடுத்தாகிவிட்டது. தேதி மட்டும்தான் குறிக்கவில்லை. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஃபஜ்ரை ஜமாஅத்தோடு தொழ வேண்டும். இந்த ப்ராஜெக்ட் முடியட்டும். வட்டிக் கடனிலிருந்து வெளியே வர வேண்டும். அடுத்த இன்க்ரிமென்ட் வரட்டும். மனைவிக்குக் கொடுக்க வேண்டிய மஹர் பாக்கி இருக்கிறது. அவள் கேட்கவில்லையே, பார்த்துக்கொள்ளலாம். அத்தா விட்டுப்போன சொத்தில் தங்கையின் பங்கு பிரிக்கப்படவில்லை. ஊருக்குப் போகும்போது பேசிக்கொள்ளலாம். அண்ணனோடு பேச்சில்லை, பெருநாளைக்குப் பேசிக்கொள்ளலாம். எத்தனை பெருநாள் வந்து போய்விட்டது என்று அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு உலமாக்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: தஸ்வீஃப். அரபியில் 'ஸவ்ஃப' என்றால் 'பிறகு செய்வேன்' என்பதைக் காட்டும் சொல். 'பிறகு, பிறகு' என்றே வாழ்நாளைக் கழிப்பதுதான் தஸ்வீஃப். ஷைத்தான் ஒரு முஃமினிடம் வந்து "தொழாதே" என்று சொன்னால் அவன் அஊது ஓதி விரட்டிவிடுவான். "தொழு, ஆனால் நாளையிலிருந்து" என்று சொன்னால் நல்ல யோசனை மாதிரி இருக்கும். கேட்டுக்கொள்வான்.

இரண்டு ஒட்டகங்கள் இருந்தும்

சகோதரர்களே! இந்த நோய் ஈமான் இல்லாதவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைத்துவிடாதீர்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, தபூக் பயணம். கடுமையான வெயில், நீண்ட தூரம், பேரீச்சம் பழங்கள் கனிந்து நிழல் இதமாக இருந்த பருவம். பொதுவாக எங்கே போகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லாத நபி (ஸல்) அவர்கள், மக்கள் முழுமையாகத் தயாராக வேண்டும் என்பதற்காக இந்த முறை வெளிப்படையாகவே அறிவித்தார்கள்.

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களை உங்களுக்குத் தெரியும். அகபா உடன்படிக்கையில் கலந்துகொண்டவர்கள். மதீனாவின் கவிஞர்களில் ஒருவர். தாம் பின்தங்கிய கதையைத் தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் நீண்ட ஹதீஸாகப் பதிவாகியிருக்கிறது. அதில் அவர்கள் சொல்லும் ஒரு விவரத்தைக் கவனியுங்கள். அந்தச் சமயத்தில் இருந்த அளவுக்கு உடல் வலிமையும் வசதியும் அதற்கு முன் அவர்களுக்கு இருந்ததே இல்லையாம். முன்பு ஒருபோதும் ஒரே நேரத்தில் இரண்டு வாகன ஒட்டகங்கள் அவர்களிடம் இருந்ததில்லை; அப்போது இருந்தன.

வசதி இல்லாததால் அவர்கள் பின்தங்கவில்லை. வசதி இருந்ததுதான் பிரச்சினை. காலையில் தயாராவதற்காகப் போவார்கள், எதுவும் செய்யாமல் திரும்புவார்கள். நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் நம்மால் முடியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்கள். படை புறப்பட்டது. ஒரு நாள், இரண்டு நாளில் தயாராகிப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தார்கள். மறுநாளும் அப்படியே போனது. அதற்கு மறுநாளும் அப்படியே. படை எட்டாத தூரம் போய்விட்டது.

பிறகு மதீனாவின் தெருவில் இறங்கி நடந்தபோது கண்ணில் பட்டவர்கள் இரண்டே வகையினர்: நயவஞ்சகர் என்று பெயரெடுத்தவர்கள், அல்லது அல்லாஹ்வே சலுகை கொடுத்த பலவீனர்கள். எந்தக் கூட்டத்தில் வந்து நிற்கிறோம் என்பதைப் பார்த்து அவர்களுடைய உள்ளம் உடைந்தது.

தாம் போக மாட்டேன் என்று கஅப் (ரலி) ஒரு நாளும் முடிவு செய்யவில்லை. தினமும் போவதாகத்தான் இருந்தார்கள். நாமும் அப்படித்தானே? தங்கையின் பங்கைக் கொடுக்க மாட்டேன் என்று நம்மில் யார் சொல்கிறோம்? கொடுப்பதாகத்தான் இருக்கிறோம். ஆனால் கொடுக்கிற எண்ணத்தோடு பத்து வருஷம் வைத்திருந்தவனின் வீட்டிலும், கொடுக்கவே நினைக்காதவனின் வீட்டிலும், அந்தப் பங்கு ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

எண்பது பேரும் மூன்று பேரும்

நபி (ஸல்) அவர்கள் தபூக்கிலிருந்து திரும்புகிறார்கள் என்ற செய்தி வந்தது. என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று கஅப் (ரலி) யோசித்தார்கள். பேச்சுத் திறமை உள்ளவர்கள் அல்லவா? வீட்டாரிடம் ஆலோசனையும் கேட்டார்கள். நபியவர்கள் நெருங்கி வந்ததும், பொய் தம்மைக் காப்பாற்றாது என்று புரிந்துகொண்டார்கள்.

பின்தங்கிய எண்பதுக்கும் சற்று அதிகமானோர் பள்ளியில் வரிசையாக வந்து காரணம் சொன்னார்கள், சத்தியம் செய்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களின் வெளித்தோற்றத்தை ஏற்றுக்கொண்டு, உள்ளத்தில் இருப்பதை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்கள். அன்று மாலை அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். வேலை முடிந்தது!

கஅப் (ரலி) வந்தார்கள். கோபத்தோடு கூடிய ஒரு புன்னகை அவர்களை வரவேற்றது. வாகனம் வாங்கி வைத்திருந்தீர்களே, ஏன் வரவில்லை என்று கேட்கப்பட்டது. தமக்கு எந்தக் காரணமும் இல்லை, அப்போது இருந்த வசதி அதற்கு முன் இருந்ததே இல்லை என்று உண்மையை அப்படியே சொன்னார்கள். இவர் உண்மை பேசினார், அல்லாஹ் தீர்ப்பளிக்கும் வரை பொறுத்திருக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். முராரா இப்னு ரபீஉ (ரலி), ஹிலால் இப்னு உமய்யா (ரலி) ஆகிய இருவரும் அதே போல உண்மையைச் சொன்னார்கள். இந்த மூவரோடும் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவானது. 50 இரவுகள்! பூமி இவ்வளவு விசாலமாக இருந்தும் அவர்களுக்கு நெருக்கடியாகிப் போனதை அல்லாஹ் சூரா தவ்பாவின் 118ஆம் வசனத்தில் சொல்லிக் காட்டுகிறான்.

அந்த 50 நாளில் நடந்த ஒன்றைப் பாருங்கள். கஸ்ஸான் மன்னனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: உங்கள் தலைவர் உங்களைக் கைவிட்டுவிட்டாராமே, எங்களிடம் வாருங்கள், நாங்கள் ஆதரிக்கிறோம் என்ற கருத்தில். முன்பிருந்த கஅபாக இருந்தால் பெட்டியில் வைத்துவிட்டு நாளை யோசிக்கலாம் என்று இருந்திருக்கலாம். கடிதத்தை நேராக அடுப்புக்குக் கொண்டுபோய்ப் போட்டு எரித்தார்கள். 40ஆம் நாள், மனைவியை விட்டு விலகியிருக்கும்படி உத்தரவு வந்தது. தலாக் சொல்ல வேண்டுமா, விலகினால் போதுமா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். விலகினால் போதும் என்றதும் உடனே மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒட்டகத்துக்குச் சேணம் கட்ட நாள் கடத்திய அதே மனிதர்! எது அவர்களை மாற்றியது? அன்று பள்ளியில் சொன்ன அந்த உண்மைதான். காரணம் சொல்கிறவரை தள்ளிப்போடும் பழக்கத்துக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கிறது. "எனக்கு எந்தக் காரணமும் இல்லை" என்று ஒப்புக்கொண்ட அன்றைக்கு அந்தப் பழக்கம் பட்டினி கிடக்க ஆரம்பிக்கிறது.

50ஆம் நாள் ஃபஜ்ருக்குப் பின் ஸல்உ மலை மீதிருந்து ஒரு குரல், நற்செய்தியோடு வந்தது. அல்லாஹ் அவர்களின் தவ்பாவை ஏற்றுக்கொண்டான். கியாமத் நாள் வரை ஓதப்படும் குர்ஆனில் அந்த மூவருக்கும் மன்னிப்பு பதிவானது. சாக்குச் சொன்னவர்களின் கதியும் அதே சூராவில்தான் இருக்கிறது. 94 முதல் 96 வரை உள்ள வசனங்களை வீட்டுக்குப் போய் ஓதிப் பாருங்கள்.

வாசலில் நின்று திரும்பியவர்

"நான் ஏற்கெனவே ரொம்ப லேட் ஆகிவிட்டேனே" என்று ஒருவர் நினைக்கலாம். அதே தபூக்கில் தாமதமாகிப் போன இன்னொருவர் இருக்கிறார்: அபூகைஸமா (ரலி). ஸீரா நூல்களில் வருகிறது: படை புறப்பட்டுச் சில நாட்கள் கழித்து, ஒரு வெயில் நேரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். பந்தலில் தண்ணீர் தெளித்துக் குளிர்ச்சியாக வைக்கப்பட்டிருக்கிறது, குளிர்ந்த நீரும் உணவும் தயார். வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அல்லாஹ்வின் தூதர் வெயிலிலும் காற்றிலும் இருக்க, நான் நிழலில் இருப்பதா? இது நியாயமில்லை என்று சொல்லி, உள்ளே கால் வைக்காமலேயே ஒட்டகத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். தூரத்தில் கானல் நீருக்கு நடுவே ஓர் உருவம் தெரிந்தபோது, அது அபூகைஸமாவாக இருக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அவர்களேதான்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று உள்ளே போயிருந்தால்? கஅபுக்கும் அபூகைஸமாவுக்கும் நடுவில் இருந்தது ஒரு வாசற்படிதான். உங்களுடைய வாசற்படி எது என்று உங்களுக்குத் தெரியும்.

அலை புறப்பட்டுவிட்டது

நமக்குக் கிழக்கே, கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி அளவில் சுமத்ரா அருகே கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வந்து சேர 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் கரையில் இருந்தவர்கள் டீ குடித்தார்கள், வலையைச் சரிசெய்தார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள். அவர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவர்களுக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. இன்று ஹைதராபாத்தில் அதற்கென எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. மவ்த்துக்கு அப்படி ஒரு மையம் இல்லை. நமக்கான அலை எப்போதோ புறப்பட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் அவகாசம் தந்தால் தர்மம் செய்து நல்லவனாகிவிடுவேனே என்று கடைசி நேரத்தில் கெஞ்சுகிறவனைப் பற்றி சூரா முனாஃபிகூன் 10ஆம் வசனம் எச்சரிக்கிறது. அப்போது அவகாசம் கிடையாது.

2023 அக்டோபர் வரை இதே நாவலூர் சுங்கச்சாவடியில் பணம் கட்டிக் கடந்தவர்கள்தான் நாம். "நாளைக்குத் தருகிறேன்" என்று அங்கே சொன்னதுண்டா? பணம் கொடுக்காமல் கேட் திறக்காது என்று தெரியும். மாதத் தவணையும் சொன்ன தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து போய்விடுகிறது. மனிதனுக்குக் கட்ட வேண்டியதெல்லாம் நேரத்துக்குப் போகிறது. அல்லாஹ்வுக்கும் அவனுடைய அடியார்களுக்கும் கொடுக்க வேண்டியதுக்கு மட்டும் 'நாளை' என்ற ஒரு நாளை வைத்திருக்கிறோம்.

இன்று மஃரிபுக்குள்

அன்பானவர்களே! கேட்டுவிட்டு எழுந்து போகாமல் மூன்று காரியம் செய்வோம்.

முதலாவது, பிறருடைய ஹக்கை எழுதி வையுங்கள். எழுதி வைக்க வேண்டிய விஷயம் உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). அதைக் கேட்டதிலிருந்து தம்முடைய வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்றும் சொல்கிறார்கள். யாருக்கு எவ்வளவு கடன், யாருடைய அமானிதம் நம்மிடம் இருக்கிறது, மஹர் பாக்கி எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். தங்கையின் பங்கு வஸிய்யத்தில் எழுதும் விஷயமே இல்லை. சூரா நிஸாவில் அல்லாஹ்வே எழுதிவிட்டான். அவளுக்கு இன்றைக்கே போன் போட்டு, "உன் பங்கைப் பிரிப்போம், இந்தத் தேதியில் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, சிறிதாக ஆரம்பியுங்கள். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்பது ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. ஐந்து வேளையும் ஜமாஅத் என்று ஒரே நாளில் பாய்ந்துவிட்டு மூன்றாம் நாள் உட்கார்ந்துவிட வேண்டாம். நாளை ஃபஜ்ர் ஒன்றைப் பிடியுங்கள். அதற்கு இன்று இரவே போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சீக்கிரம் படுங்கள். ஃபஜ்ர் இஷாவுக்குப் பிறகே ஆரம்பித்துவிடுகிறது.

மூன்றாவது, சாக்கை நிறுத்துங்கள். இன்று இரவு இரண்டு ரக்அத் தொழுது, ஸஜ்தாவில் கஅப் (ரலி) சொன்னதை உங்கள் மொழியில் மனதுக்குள் சொல்லுங்கள்: யா அல்லாஹ், எனக்கு நேரம் இருந்தது, வசதி இருந்தது, காரணம் எதுவும் இல்லை, என்னை மன்னித்துவிடு. வீட்டிலிருந்து இதைப் படிக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, உங்களுக்கும் இதுவேதான்.

யா அல்லாஹ்! தள்ளிப்போட்ட எங்கள் தவ்பாவை இப்போதே ஏற்றுக்கொள்வாயாக. நாங்கள் கொடுக்க வேண்டிய ஹக்குகளை மவ்த்துக்கு முன் கொடுத்து முடிக்கும் பாக்கியத்தைத் தருவாயாக. பிரிந்து கிடக்கும் எங்கள் சொந்தங்களைச் சேர்த்து வைப்பாயாக. உண்மை பேசிய அந்த மூவரை மன்னித்தது போல எங்களையும் மன்னிப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.