கட்சிப் பெயரும் நட்பும்

ஒருவரை நன்கு அறிதற்கு முன்னரே அவர்க்கு ஒரு கட்சிப் பெயரைச் சூட்டிவிடுதல் மக்களிடத்தே பெருகிவருங் குற்றங்களுள் ஒன்றாம். இவர் இடதுசாரி, அவர் வலதுசாரி; இவர் தேசியவாதி, அவர் பிற்போக்காளர் என்று சொல்லியவுடனே, அவரைப்பற்றி அறியவேண்டுவன யாவற்றையும் அறிந்துவிட்டோமென்று உள்ளம் அமைந்துவிடுகின்றது; அவர் கூறும் நியாயங்களைக் கேளாதவாறு செவியும் அடைபட்டுவிடுகின்றது. பலகாலம் பழகிய சிநேகிதரும் இவ்வாறு ஒரு சொல்லினாலே பிரிதலைக் காண்கின்றோம். ஆதலின், கருத்து வேறுபட்ட நண்பரிடத்து ஒழுகவேண்டிய முறை யாதென்பதைச் சிறிது ஆராய்வாம்.

பெயரின்றிப் பொருளை உணர்தல் யாங்ஙனம்? கட்சிகள் உள்ளவிடத்துக் கட்சிப் பெயர்களும் வேண்டப்படுமன்றோ எனின், வேண்டப்படுமென்பது உண்மையே. மருந்துப் போத்தலின்மேல் ஒட்டிய சீட்டு உள்ளிருப்பது இன்னதென்று அறிவிக்கும். ஆயினும், போத்தலினுள் இருப்பது ஒரு மருந்தே. மனிதருள்ளத்தில் இருப்பனவோ பல கருத்துக்கள். ஒரு விஷயத்தில் ஒரு கட்சியாரோடு ஒத்த ஒருவர் மற்றொரு விஷயத்தில் அவரோடு மாறுபடுவர். நேற்றுக் கொண்டதை ஆராய்ந்து இன்று விடுவர். அன்றியும், சீட்டைத் தாமே ஒட்டிக்கொள்வோர் சிலர்; பிறரால் ஒட்டப்படுவோரே பலர். ஆதலின், பெயர் விசாரணைக்குத் தொடக்கமாகலாம், தீர்ப்பாகலாகாது.

இதற்கு உதாரணமாகக் காந்தியடிகளும் இரவீந்திரநாத தாகூரும் பூண்ட நட்பினை எடுத்துக்காட்டுவாம். இருவரும் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளியவர். முன்னவர் 1927ஆம் ஆண்டிலும், பின்னவர் 1934ஆம் ஆண்டிலும் வந்தனர். அவ்விருவரும் கருத்தொருமித்தவரென்று எண்ணுவோர் பலர். உண்மை அஃதன்று. 1921ஆம் ஆண்டில் ஒத்துழையாமை இயக்கம் வலுத்து, மாணவர் கல்லூரிகளை விட்டு வெளியேறவும், அந்நியத் துணிகள் தீயிலிடப்படவும் தொடங்கியபோது, தாகூர் அதனை வெளிப்படையாக மறுத்தெழுதினார். சிந்தியாது கீழ்ப்படிதல் ஒரு நாட்டினர்க்கு விடுதலையாகாதென்பது அவர் கருத்தின் சாரம். அக்காலத்து மக்களின் ஆவேசத்திலே அவரைத் தேசத்துரோகி என்று தள்ளிவிடுதல் எளிதாயிருந்தது. காந்தியடிகளோ தமது பத்திரிகையில் விடையெழுதியபோது அவரைப் பெருங்காவலர் என்று குறித்தார். காவலாளன் தூங்குவார்க்கு இடையூறாகக் குரலெழுப்பினும் அவன் பகைவனல்லன் அன்றோ? அவ்வாறு மதித்தபின்னும் அடிகள் தங்கொள்கையை விட்டாரல்லர். இராட்டினத்தின் அவசியத்தை வற்புறுத்தியே எழுதினார். 1925ஆம் ஆண்டில் தாகூர் இராட்டினத்தையே மறுத்தெழுதியபோது, அதற்குக் காரணம் பொறாமையென்று பேசியவரையும் அடிகள் கண்டித்தார்.

அற்றேல், இத்தகைய பரந்தநோக்கம் தங்கொள்கையிற் பற்றில்லாமையாய் முடியாதோ எனின், முடியாது. 1934ஆம் ஆண்டு தை மாதத்திலே பீகாரிற் பெரும் பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. தீண்டாமையென்னும் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அதுவென்று அடிகள் கூறினார். தாகூர் தீண்டாமையை வெறுத்தவர்; 1932ஆம் ஆண்டில் அடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாவிரதமிருந்தபோது முதுமையையும் பாராது அங்கே சென்றவர். ஆயினும், இயற்கை நிகழ்ச்சிக்கு இத்தகைய காரணங் கூறுதல் மக்களுடைய மூடநம்பிக்கையை வளர்க்குமென்று கண்டு, நண்பரென்று பாராது மறுத்தெழுதினார். அடிகள் அம்மறுப்பைத் தமது ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டு, தங்கருத்தையும் எழுதினார். நிலவோட்டின் அசைவினாலே பூமி அதிர்கின்றதென்று இன்று பள்ளிச் சிறுவரும் கற்கின்றனராதலின், இவ்விஷயத்தில் நியாயம் தாகூர் பக்கத்ததே. இங்கே கவனிக்கற்பாலது மற்றொன்று. காந்தியை மறுப்பவர் என்னும் பெயரொன்றையே கொண்டு தாகூரை அளந்திருந்தால், தீண்டாமை ஒழிப்பில் அவர் அடிகளோடு நின்றமை மறைந்துபோயிருக்கும்.

மாறுபாடு நட்பை அழித்ததோ? அழித்திலது. தாகூர் விசுவபாரதிக்குப் பொருள் தேடித் தம் தள்ளாத வயதில் நாடகக் குழுவோடு ஊரூராய்ச் செல்வதைப் பொறாத அடிகள், 1936ஆம் ஆண்டில் அதற்கு வேண்டிய 60,000 ரூபாவைப் பெற்றுக்கொடுத்தார். 1940ஆம் ஆண்டில் அடிகள் சாந்திநிகேதனத்துக்கு வந்தபோது, தாம் வாழ்நாளெல்லாம் வளர்த்த அத்தாபனத்தைப் பாதுகாக்கும்படி தாகூர் அவரையே வேண்டினார். கல்விமுறையில் தம்மோடு மாறுபட்டவரிடத்தே தங்கல்விச்சாலையை ஒப்படைக்கத் துணிந்த நம்பிக்கை எத்துணைப் பெரிது!

மாற்றார் கருத்தை முன்வைத்து ஆராய்தல் நமக்குப் புதியதன்று. சிவஞானசித்தியார் பரபக்கத்திலே அருணந்தி சிவாசாரியார் மாற்றார் கொள்கையை முன்னர்க் கூறிப் பின்னரே மறுத்தார். மறுக்கப்படுவது இன்னதென்று அறியாதவன் செய்யும் மறுப்பு நிழலோடு பொருதலேயாம்.

உபாத்தியாயர்களே! கட்சிப் பெயர்களைப் பிள்ளைகள் புத்தகத்திலிருந்து கற்கின்றிலர். நம் வாயிலிருந்தே கற்கின்றனர். உடனாசிரியர் ஒருவரை மாணாக்கர் கேட்கக் கட்சிப் பெயராற் சுட்டி இகழ்வோமாயின், அன்று அவர்க்கு நாம் கற்பித்த பாடம் அதுவேயாம். 1931ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்காரத்தினால் வடபகுதியின் நான்கு அரசாங்கசபை ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. அதனை நடத்தினோரை வீரரென்றோ மூடரென்றோ ஒரு சொல்லால் முடித்துவிட்டால் மாணாக்கன் யாதுங் கற்றானல்லன். இருதிறத்தார் நியாயங்களையும் அவனே எடுத்துச் சொல்லும்படி செய்தல் வேண்டும். தான் மறுக்கும் பக்கத்தை, அப்பக்கத்தாரே ஆம் என்று ஒப்புமாறு கூறியபின்னரே அவன் தன் மறுப்பைக் கூறுக. இவ்விதியை வகுப்பறையில் மாத்திரமன்றி, ஆசிரியர் கூடியிருந்து பேசுமிடத்தும் கைக்கொள்வோமாக. நண்பர் பிழைபட்டவிடத்துப் பிழையென்று சொல்லுதலும் கடமையே. சொல்லியபின்னும் அவரை நண்பராகவே வைத்துக்கொள்ளுதல் அதனினும் பெரிய கடமையாம்.