நெருப்பு வீட்டுக் காவலர்கள்



பள்ளிவாசல் மனாரா என்றால் பாங்கு சொல்வதற்காக உயர்த்திக் கட்டிய கோபுரம் என்று நம் பிள்ளைகள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த அரபுச் சொல்லுக்கு ஒளி வைக்கும் இடம் என்பதே ஆதிப் பொருள். நூர் என்கிற ஒளியும், நார் என்கிற நெருப்பும், மனாராவும் ஒரே வேரில் முளைத்தவை என்று மதரஸாவில் நம் உஸ்தாது சொல்லித் தந்தார்கள். கப்பலுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கத்தையும் அரபிகள் மனாரா என்றே அழைத்தார்கள். இங்கே மலாய்க்காரர்கள் அதை ‘ரூமா அப்பி’ என்பார்கள். அதாவது நெருப்பு வீடு. இம்மாதம் அந்த நெருப்பு வீட்டைப் பற்றியும், அதில் விழித்திருந்தவர்களைப் பற்றியும் சில வார்த்தைகள் பேச நாடுகிறோம். நாம் ஆலிம் அல்ல. சாமான் நிறுத்து விற்கும் கடைக்காரர். ஆகையால் இதில் ஃபத்வா எதுவும் தேட வேண்டாம்.

எகிப்து தேசத்து இஸ்கந்தரிய்யா துறைமுகத்தில் கி.மு. 280 வாக்கில் கட்டப்பட்ட விளக்கு உலகப் பிரசித்தி பெற்றது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அந்நகரம் முஸ்லிம்கள் வசம் வந்த பின்னும் அது பல நூற்றாண்டுகள் நின்றது. அந்தலூஸிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் 1183இல் அதில் ஏறினார். உச்சியில் ஒரு பள்ளி இருந்தது, அங்கே தொழுதார். 1326இல் இப்னு பதூதா போனபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் மறுபடி போனபோது உள்ளே நுழையவே வழியில்லை. பூகம்பம் அதைத் தின்றுவிட்டது. 1477இல் சுல்தான் காயித்பாய் அவ்விடத்தில் ஒரு கோட்டை கட்டினார். அது இன்றும் இருக்கிறது. சுல்தான்களின் பேரும் பிரயாணிகளின் பேரும் ஏட்டில் இருக்கின்றன. இரவுதோறும் படியேறி அந்த நெருப்பை வளர்த்தவர்களில் ஒருவர் பேராவது நம் காதுக்கு எட்டியிருக்கிறதா?

நிற்க. நம் கடலுக்கு வருவோம். ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமி, 1786இல் டியேகோ கார்சியா தீவில் கப்பல் உடைந்து பிழைத்தவர். கடல் வரைபடம் தப்பாக இருந்ததே அந்த விபத்துக்குக் காரணம். அதன் பின்பு கீழ்த்திசைக் கடல்களின் வரைபடங்களைத் திருத்துவதையே தம் ஆயுள் வேலையாக வைத்துக்கொண்டார். நஷ்டப்பட்டவன் பிறருக்கு அந்த நஷ்டம் வராமல் பார்ப்பது பெரிய மனசு. அது எந்தச் சமூகத்தாரிடம் இருந்தாலும் மெச்சத்தான் வேண்டும். 1836இல் அவர் காலமான பின், சீனாவில் காண்டன் துறைமுகத்து வர்த்தகர்கள் அவர் ஞாபகமாகப் பணம் திரட்டினார்கள். அப்பணத்தோடு கம்பெனி சர்க்காரின் பணமும் சேர்ந்து, சிங்கப்பூர் ஜலசந்தியின் கிழக்கு வாசலில், பத்து பூத்தே என்ற வெள்ளைப் பாறையில் விளக்கு எழும்பிற்று. அடிக்கல் 1850 மே 24ந் தேதி. புலாவ் உபினிலிருந்து கருங்கல் வெட்டிக் கொண்டுபோனார்கள். சர்வேயர் ஜான் டர்ன்புல் தாம்சன் முன்னின்று கட்டினார். 1851 அக்டோபரில் விளக்கு எரிந்தது. (அந்தப் பாறை யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாடுகள் உலக நீதிமன்றம் வரை போய், சிங்கப்பூருக்கே என்று 2008இல் தீர்ப்பாயிற்று. அந்த வழக்கு இங்கே நம் பேச்சல்ல.)

தெற்கே புலாவ் சாத்துமுவில் ராஃபிள்ஸ் விளக்கு 1855இல் எரிந்தது. அதற்குக் கல் உடைத்தவர்களில் இந்தியாவிலிருந்து தண்டனை பெற்றுக் கொண்டுவரப்பட்ட கைதிகளும் இருந்தார்கள். சொந்த ஊருக்குத் திரும்பிப் போவோமா என்று தெரியாதவர்கள், பிறர் பத்திரமாக ஊர் சேரக் கல் சுமந்திருக்கிறார்கள்.

விளக்குக் காவலரின் வேலை என்ன என்று கேட்டால், சொல்ல அதிகமில்லை, செய்யத்தான் அதிகம். எண்ணெய் விளக்குக் காலத்தில் அந்திக்கு முன் திரி கத்தரித்து, எண்ணெய் ஊற்றி, ஏற்ற வேண்டும். விளக்கைச் சுற்றவைக்கும் கடிகார யந்திரத்தின் பாரத்தைச் சில மணிக்கொரு தரம் கையால் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். தூங்கிவிட்டால் விளக்கு நின்றுவிடும். விடிந்ததும் அணைத்து, ஃபிரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த அந்த அடுக்குக் கண்ணாடிகளைப் புகைக்கறை இல்லாமல் துடைக்க வேண்டும். பகலில் திரை இழுத்து மூட வேண்டும். இல்லாவிட்டால் சூரிய ஒளி அதே கண்ணாடி வழியாகக் குவிந்து உள்ளேயே தீ வைத்துவிடும். அப்புறம் நோட்டில் எழுத வேண்டும். மறுநாளும் இதுவே. ராஃபிள்ஸ் விளக்கில் பிற்காலத்தில் இருவர் இருவராகப் பத்து நாள் தவணையில் இருந்து வந்தார்கள். முன்காலத்தில் மாதக்கணக்கில் கடலைத் தவிர வேறு முகம் பார்க்காதவர்களும் உண்டு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி அடையாளம் உண்டு. ஒன்று இத்தனை விநாடிக்கொரு தரம் மின்னும். இன்னொன்று இரண்டு மூன்று மின்னலாகச் சேர்த்து மின்னி ஓயும். கப்பித்தான் எண்ணிப் பார்த்து, இது ஹார்ஸ்பர்க், இது ராஃபிள்ஸ் என்று அறிவார். காவலர் தம் இஷ்டத்துக்கு இன்று கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்டால் அது ஜோராக இருக்கலாம். ஆனால் கப்பல் வேறு விளக்கென்று நினைத்துப் பாறையில் ஏறும். கடைக்காரருக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு கிலோ எடைக்கல் ஒரு கிலோவாகவே இருக்க வேண்டும். கூடினாலும் அது கெட்ட கல்தான்.

நம் பாட்டன்மாரை நினைத்துப் பாருங்கள். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில், நாகப்பட்டினத்தில் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் பினாங்குக்கு வந்த சபுராளிகள் அவர்கள். கரை நெருங்கும் இரவில் அவர்கள் தூங்கினார்கள். கப்பித்தான் விழித்திருந்தார். அவருக்காகப் பினாங்கின் வடமேற்கு முனையில், மூக்கா ஹெட் குன்றின் மேல் 1883இல் கட்டிய விளக்கில் இன்னொருவர் விழித்திருந்தார். அவர் எந்த மார்க்கத்தவரோ, என்ன பாஷை பேசினாரோ! நம் பாட்டனார் அவருக்கு ஒரு சலாம்கூடச் சொன்னதில்லை. அந்தக் கப்பலில் யார் வந்தார் என்று அவருக்கும் தெரியாது. ஆனாலும் நாம் இன்று இந்த மண்ணில் கடை வைத்திருப்பதில் அவருடைய தூங்காத இரவுக்கும் ஒரு பங்கு உண்டு.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுத் தந்ததைச் சிறு வயதில் ஓதினோம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுப்பவரின் சிறப்பையும் ஓதினோம். முள்ளை எடுத்துப் போட்டவருக்கு, அது யார் காலில் தைக்க இருந்தது என்று தெரியப் போவதில்லை. நடந்து போகிறவருக்கு அங்கே முள் இருந்ததே தெரியாது. நன்றி சொல்ல ஆளே இல்லாத வேலை. இக்லாஸ் என்று கிதாபில் படித்ததற்கு இதைவிடத் தெளிவான பாடம் நம் சிற்றறிவுக்கு எட்டவில்லை.

எரிகிற விளக்கை யாரும் பேசுவதில்லை. ஸ்காட்லாந்துக்கு அப்பால் ஃபிளானன் தீவில் 1899 டிசம்பரில் ஒரு விளக்கு ஏற்றினார்கள். மறு வருஷம் டிசம்பர் 15ந் தேதி இரவு அவ்வழியே போன கப்பல் அது இருண்டிருப்பதைக் கண்டது. 26ந் தேதி மாற்று ஆளோடு படகு சேர்ந்தபோது, காவலர் மூவரையும் காணோம். விளக்கு மட்டும் துடைத்து, எண்ணெய் நிரப்பித் தயாராக இருந்தது. ஒரு வருஷம் எரிந்த இரவுகளைப் பற்றி உலகம் ஒன்றும் சொல்லவில்லை. எரியாத இரவைப் பற்றி நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

நம் சங்கத்து விஷயத்துக்கு வருகிறோம். இவ்விதழில் நன்கொடைப் பட்டியல் வருகிறது. அதில் ஒருவர் பேரில் ஓர் எழுத்து விட்டுப்போனால் மறுநாளே திருத்தச் சொல்லி ஆள் வந்துவிடும். தப்பில்லை, பேர் ஆசை மனிதருக்கு உள்ளதுதான். ஆனால் மையித்துக் காரியத்துக்காக இரவில் தொலைபேசி எடுக்கும் முறைப்பட்டியல் ஒன்றும் இருக்கிறது. வாரத்தின் ஏழு இரவில் மூன்று இரவுக்கு ஆள் இல்லை. சென்ற ரமலானுக்கு முந்திய மாதம், இராமநாதபுரம் பக்கத்து வாலிபர் ஒருவர் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். கட்டட வேலைக்கு வந்தவர். இங்கே உறவு யாருமில்லை. அறைத் தோழர்கள் இரவு இரண்டு மணிக்கு மேல் மூன்று தடவை அழைத்தார்கள். ஆளில்லாத இரவு அது. யாரிடம் போவது, என்ன தாள் கேட்பார்கள், யார் குளிப்பாட்டுவார்கள் என்று ஒன்றும் தெரியாமல் பிணவறை வாசலில் பகல் வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வேறொரு ஜமாஅத்தார் வந்து அடக்கம் செய்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக.

ஹார்ஸ்பர்க் விளக்குக்கு 1988இல் சூரிய மின்சாரம் வந்துவிட்டது. திரி கத்தரிக்கும் வேலை அங்கே போயிற்று. நள்ளிரவில் அழுதுகொண்டு அழைக்கிறவருக்கு, “நான் இருக்கிறேன் தம்பி, எந்த ஆஸ்பத்திரி சொல்லுங்கள்” என்று பதில் சொல்லும் யந்திரம் நம் கடையிலும் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை.

செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவுகள் காலியாக இருக்கின்றன. பட்டியல் சங்க அலுவலகத்தில் கடிகாரத்துக்குக் கீழே தொங்குகிறது. பக்கத்தில் பென்சில் கட்டியிருக்கிறது. வாலிபர்களும் வரலாம், வயதானவர்களும் வரலாம். பெண் மையித்துக்காகச் சகோதரிகள் இருவர் அவசியம் வேண்டும். முறை ஏற்பவர்களுடைய பேர் இவ்விதழில் வெளிவராது.

வஸ்ஸலாம்.