எருக்கின் உறவினர்

'இந்த மண்ணுக்குரியது' என்ற சொல்லை நாம் இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறோம். ஊரில் அது மனிதர்களைப் பற்றியதாக இருந்தது. இங்கே, ரூஜ் பள்ளத்தாக்கின் புல்வெளிகளில், அது பூக்களைப் பற்றியது. இரண்டும் ஒரே சொல்தானா என்பதே எமது கேள்வி.

ஸ்காபரோத் தமிழர்களுக்கு ரூஜ் என்றால் மிருகக்காட்சிச்சாலைக்கு அருகிலுள்ள காடு. 2015இல் அது தேசிய நகரப் பூங்கா ஆயிற்று. பரப்பு ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர். உணவகங்களில் கோப்பை கழுவுவோருக்கும் மரக்கறி வெட்டுவோருக்கும் ஓய்வு திங்கட்கிழமைகளில்தான் வரும். அன்று அங்கே சனமில்லை. பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுவந்த எம்போன்றோருக்கு, பரீட்சையில்லாமல் படிக்கக் கிடைத்த இடம் அது.

ஆடி மாதத்தில் அங்கே மில்க்வீட் பூத்து நிற்கும். அஸ்கிளேபியஸ் என்பது அதன் பேரினப் பெயர். பரந்த இலையும், மங்கிய இளஞ்சிவப்புப் பூப்பந்தும், முள்முள்ளான காயும் கொண்டது சாதாரண மில்க்வீட். ஈரநிலத்தில், ஒடுங்கிய இலையோடு கடுஞ்சிவப்பாகப் பூப்பது சதுப்பு மில்க்வீட். மூன்றாவதான பட்டர்பிளை மில்க்வீட் அரிது. மணற்பாங்கான காய்ந்த புல்நிலம் கேட்பது. செம்மஞ்சள் நிறத்தில் எரிவது. கனடாவில் அதற்கு வாய்த்தது நாட்டின் தெற்கு ஓரம் மட்டுமே. ரொறன்ரோவில் அதை இயல்பான நிலத்தில் பார்ப்பதற்கு ஹை பார்க்கின் கருப்பு ஓக் மரங்களுக்கிடையே எஞ்சிய புல்வெளிக்குப் போகலாம்.

பூவின் அமைப்பை உற்றுப் பார்த்தால் எமக்கு ஒரு பழைய முகம் தெரியும். கீழே மடிந்த ஐந்து இதழ்கள், நடுவே ஐந்து கூறுள்ள கிரீடம். கோயில் வீதியிலும் தரிசிலும் நாம் பார்த்த எருக்கம்பூவின் கிரீடத்துக்கு இது சிறியதொரு உறவு. இரண்டும் ஒரே குடும்பம். எருக்கிலை தின்னும் வரிப்புழு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகிறது. மில்க்வீட் இலை தின்னும் வரிப்புழு மொனார்க் ஆகிறது. அவையும் ஒரே பேரினத்தவை.

இந்தக் குடும்பத்தில் இன்னொன்றும் ரூஜில் இருக்கிறது. 'நாய் நெரிக்கும் கொடி' என்று ஆங்கிலத்தில் பெயர். உக்ரேனும் தென்மேற்கு ரஷ்யாவும் அதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்காவுக்கு வந்து, இன்று ரூஜின் கரைகளிலும் காட்டோரங்களிலும் பாயாகப் படர்ந்து கிடக்கிறது. பூ சிறியது, கருஞ்சிவப்பு நட்சத்திரம் போன்றது. மொனார்க் சில வேளைகளில் இதை மில்க்வீட் என்று எண்ணி முட்டையிடுகிறது. பொரித்த புழுக்கள் பிழைப்பதில்லை. அந்த மொனார்க் கனடாவில் 2023 முடிவில் சட்டப்படி அழிவை எதிர்நோக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. அது குளிர்காலத்தில் எங்கே போகிறது என்ற புதிரை, ஸ்காபரோ வளாகத்தில் படிப்பித்த பேராசிரியர் பிரெட் ஏர்க்காட்டும் மனைவி நோராவும் பல்லாண்டுகளாக இறகுகளில் சீட்டு ஒட்டித் தேடினார்கள். 1975 ஜனவரியில் மெக்சிக்கோ மலைக்காட்டில் விடை கிடைத்தது.

இனி, உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? சமையலறையில் பார்ஸ்லியையும் கொத்தமல்லியையும் பிரிக்கக் கண் மட்டும் போதாது, மூக்கும் வேண்டும். இங்கேயும் அப்படித்தான். பெயரிலேயே பால் இருக்கிறது, ஆகவே பாலை வைத்துப் பிரிக்கலாம் என்று தோன்றும். சாதாரண மில்க்வீட்டின் இலையைப் பூச்சி கடித்த இடத்தில் வெண்பால் துளிர்க்கும். ஆனால் அரிய பட்டர்பிளை மில்க்வீட்டில் பால் இல்லை, தெளிந்த நீர்தான். வந்தேறிக் கொடியிலும் அதுவே. பாலை மட்டும் பார்த்தவன் மண்ணின் பூவை வந்தேறியோடு சேர்த்துவிடுவான். சரி, இலையைப் பார்ப்போம் என்றால், சாதாரண மில்க்வீட்டில் இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாக இருக்கும். கொடியிலும் அப்படியே. பட்டர்பிளை மில்க்வீட்டிலோ மாறி மாறித் தண்டைச் சுற்றியிருக்கும். இலையை மட்டும் பார்த்தவன் கொடியை உள்ளே எடுத்து, மண்ணின் பூவை வெளியே விடுவான். பூவும் காயும் தண்டும் நிலமும் சேர்ந்துதான் சாட்சி சொல்லவேண்டும். ஒற்றை அடையாளம் பொய் சொல்லும்.

பெயரும் பொய் சொல்லும். சாதாரண மில்க்வீட்டுக்கு லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் 'சிரியாகா'. அது சிரியாவிலிருந்து வந்தது என்ற தவறான நினைப்பு. வட அமெரிக்காவில் பிறந்த செடி இன்றுவரை அந்நிய நாட்டுப் பெயரோடு பதிவேட்டில் நிற்கிறது. பதிவேடுகளில் தம் பெயர் பிழையாக எழுதப்பட்ட எம்மவர்க்கு இது புதிதல்ல. இன்னொன்று: இரண்டாம் உலகப் போரில் ஜாவாவின் இலவம்பஞ்சு யப்பானியர் வசமானபோது, உயிர்காப்பு அங்கிகளில் அடைக்க இதே மில்க்வீட்டின் பஞ்சைப் பள்ளிப் பிள்ளைகள் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஆயினும் ஒன்ராறியோவின் சட்டத்தில் அது நெடுங்காலம் அழிக்கப்படவேண்டிய களையாகவே இருந்தது. 2014இல்தான் பட்டியலிலிருந்து நீங்கியது.

இங்கே எம்மில் சிலர் கோபப்படுவதுண்டு. 'வந்தேறி', 'ஆக்கிரமிப்பு' என்ற சொற்களைக் கேட்டால், அந்தக் கொடி நாங்கள்தான் என்று எண்ணி அதன் பக்கம் நிற்கத் தோன்றும். நாம் அப்படி நிற்கவில்லை. கொடியை அகற்றத்தான் வேண்டும். அது குற்றவாளி அல்ல. தன் தாயகத்தில் தன்னைத் தின்னும் பூச்சிகளோடு அளவாக வாழ்ந்தது, இங்கே அந்தத் துணையில்லாமல் வந்தது. அதனால்தான் 2013இல் கனடா, உக்ரேனின் ஓர் அந்துப்பூச்சியை இங்கே விட அனுமதித்தது. ஆனால் கொடி கற்றுக்கொள்ளாது. மொனார்க்குக்காக ஒதுங்கி நிற்க அதனால் முடியாது. மனிதனால் முடியும். ஒரு செடியைப் பற்றிச் சொல்லத்தக்கதை மனிதர்மேல் சுமத்த முடியாமைக்கு இது முதற் காரணம்.

'பயனுள்ளவன் இருக்கட்டும்' என்ற வாதத்தையும் நாம் ஏற்கமாட்டோம். எம்மைப் பரிவோடு பேசுவோர் இதைத்தான் அடிக்கடி சொல்கிறார்கள்: கடுமையாக உழைக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள் என்று. அப்படியானால் முதுகு முறிந்து வேலைக்குப் போகமுடியாதவனின் உரிமை எங்கே? செடியின் இடத்தை, அது எந்த உயிரைத் தாங்குகிறது என்பதை வைத்து அளக்கலாம். மனிதனின் இடத்தைப் பிறப்பை வைத்தும் அளக்கமுடியாது, பயனை வைத்தும் அளக்கமுடியாது. 'முதலில் வந்தோர்' என்பதும் அளவாகாது. ரூஜ் ஆற்றின் முகத்தில் 17ஆம் நூற்றாண்டில் ஊர் அமைத்த செனெக்காக்கள் ஏரியின் தென்கரையிலிருந்து வந்தவர்கள். பூர்வகுடிகளின் உரிமைக்கு வலுத் தருவது வருகையின் தேதி மட்டுமல்ல. அவர்களிடமிருந்து நிலம் பறிக்கப்பட்டது என்பதும்தான்.

எமது ஊர்ப்பேச்சில் 'வந்தான் வரத்தான்' என்றொரு சொல் இருக்கிறது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே அடையாளத்தால் வெளியே தள்ளியது. தமிழரின் தலைவர்களில் ஒரு பகுதியினர் அதன் பின்னரும் ஆட்சியோடு சேர்ந்திருந்தனர். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள், 70,000 பேர் வரையில், விடுதலைப் புலிகளால் மிகக் குறுகிய அவகாசத்தில் துரத்தப்பட்டனர். அவர்கள் பேசியது எமது மொழி, பல தலைமுறையாக இருந்தது அதே மண். பார்க்கப்பட்டது ஒற்றை அடையாளம் மட்டுமே. சிங்களப் பேரினவாதத்தின் கணக்கை நாம் எதிர்ப்பது உண்மையானால், அதே கணக்கை எமது பெயரால் போட்டதையும் எதிர்த்தாகவேண்டும்.

புல்வெளியிலிருந்து மனிதருக்கு எடுத்துவரத்தக்கது 'மண்ணுக்குரியது' என்ற தீர்ப்பு அல்ல. தீர்ப்புக்குமுன் பார்க்கும் முறைதான்: கிட்டப் போவது, ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்களைக் கேட்பது, வைத்த பெயர் பிழையென்றால் பட்டியலைத் திருத்துவது. ஒரு களைச்செடிக்கு இவ்வளவு பொறுமை காட்டமுடிகிற உலகில், மனிதரைப் பட்டியலிடுவோர் அதைவிடக் குறைவாகப் பார்ப்பதற்கு நியாயம் இல்லை.