வேட்டையில் அறமுண்டோ?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலுமுள்ள பாடசாலைகளிலே சைவசமயங் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஓர் இடர்ப்பாடு நேர்வதுண்டு. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களுடைய நான்காம் பாலபாடத்திலே கொலை, புலாலுண்ணல் என்பவற்றைக் கடியும் பாடங்கள் உள. அவற்றைக் கற்ற மாணாக்கனுக்கே கண்ணப்ப நாயனாருடைய சரித்திரத்தையுங் கற்பித்தல் வேண்டும். முன்னையது உயிர்க்கொலை பெரும்பாவம் என்கின்றது. பின்னையதோ, வேட்டுவர் குலத்திற் பிறந்து, வில்லேந்தி விலங்குகளை எய்து, அவ்வூனையே காளத்தியப்பருக்குத் திருவமுதாக இட்ட ஒருவர், ஆறு நாளிலே பெறற்கரும் பேறு பெற்றார் என்கின்றது. கூரிய மாணாக்கன் இவ்விரண்டினையும் ஒருங்கு நோக்கி, "ஐயா, வேட்டை பாவமோ, அன்றோ?" என்று வினாவுவானாயின், விடை கூறல் எளிதன்று. அவ்வகுப்பிலே வேட்டையாலும் மீன்பிடியாலும் சீவிக்குங் குடும்பத்துப் பிள்ளையும் உடனிருக்குமாயின், அவ்விடை பின்னும் அரிதாம்.

இவ்வினாவினுள்ளே மற்றொரு வினாவும் அடங்கியுள்ளது. கொல்லுங் கருவியினாலும் கொல்லும் பருவத்தினாலும் கொலையின் தன்மை வேறுபடுமோ என்பதே அது. துவக்கினால் நூறு பறவைகளை வீழ்த்துபவனும், வில்லினால் ஒன்றனை வீழ்த்தி அமைபவனும் ஒரு நிகரினரோ? சூலுற்ற பிணையை விடுத்துக் கலையை மாத்திரம் எய்பவன், வேறுபாடின்றி எய்பவனிலுஞ் சிறந்தவனோ? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

முதற்கண் பிறநாட்டு வழக்கொன்றனை நோக்குவாம். வான்கோழி நம்நாட்டிலே வீடுகளில் வளர்க்கப்படும் பறவை. அதன் தாய்நிலம் வட அமெரிக்கக் காடுகளாம். இளவேனிற் காலத்திலே சேவல்கள் தோகை விரித்துக் குரலெடுத்துப் பேடுகளை அழைக்கும். அக்காலத்தில் வேட்டைக்காரன் புதரிடை மறைந்திருந்து, பேட்டின் குரல்போல ஒலியெழுப்பிச் சேவலைத் தன் முன்னே வருவித்துக் கொல்லுவான். பேடுகள் முட்டையிட்டு அடைகாக்குங் காலமாதலின், இளவேனில் வேட்டையிற் பெரும்பாலுஞ் சேவலையே கொல்ல அந்நாட்டுச் சட்டங்கள் இசைவளிக்கின்றன. ஒரு சேவல் பல பேடுகளோடு கூடும் இயல்பினது. ஆதலின் சேவல்கள் சில குறைந்தாலும் இனங்குன்றாது என்பது அவர் கருத்து. மிகு வேட்டையாலுங் காடழிவாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பல மாநிலங்களில் முற்றும் அற்றொழிந்த இப்பறவை, சட்டக் காவலினாலும், உள்ள இடத்திற் பிடித்து இல்லாத இடத்தில் விடும் முயற்சியினாலும் மீளவும் பெருகியது. துவக்குக்கும் வெடிமருந்துக்கும் இறுக்கப்படும் வரியினை விலங்குகளைப் பேணுதற்கே செலவிடுக என்னுஞ் சட்டத்தினை அந்நாட்டார் 1937ஆம் ஆண்டில் இயற்றினர். இலங்கையிலே தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டதும் அவ்வாண்டேயாம்.

அவ்வேட்டையிலே துவக்கு, வில், குறுக்குவில் என்னும் மூவகைக் கருவிகளும் வழங்குகின்றன. குறுக்குவில் என்பது கட்டையொன்றிற் குறுக்காகப் பொருத்தப்பட்ட வில். அதன் நாணை முன்னரே இழுத்துக் கொளுவியிற் பூட்டிவைத்து, விசையை அழுத்திய அளவில் அம்பு பாய்ந்து செல்லும். கையாற் பிடிக்கும் வில்லினை வளைத்து, எய்யுந்துணையும் அந்நிலையில் நிறுத்துதற்கு வலியும் நெடுங்காலப் பயிற்சியும் வேண்டும். குறுக்குவில்லிற்கு அவை அத்துணை வேண்டா. ஆதலின் வில்லாளர் சிலர், "இது வில்லன்று, துவக்கின் தம்பி" என இகழ்வர். வேறு சிலரோ, முதியோரும் உடற்குறையுடையோரும் வேட்டையாடுதற்கு இதுவே வாயில் என்று போற்றுவர்.

கருவியைப்பற்றிய இவ்வழக்குப் புதியதன்று. மதுரை மதிலிலே பகைவரைத் தடுத்தற்கு அமைந்திருந்த பொறிகளுள் வளைவிற்பொறியும் ஒன்றெனச் சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம். ஐரோப்பாவிலே 1139ஆம் ஆண்டில் உரோமாபுரியிற் கூடிய இரண்டாம் இலாத்தரன் பேரவை, குறுக்குவில்லையும் வில்லையுங் கிறித்தவர்மேற் செலுத்துதல் ஆகாதெனத் தடுத்தது. அத்தடை அவர்தஞ் சமயத்தார்மேற் செலுத்துதலை மாத்திரமே விலக்கிற்று என்பது கருதத்தக்கது. தன்னினத்தின் எல்லையிலே நின்றுவிடும் இரக்கம் எக்காலத்தும் எந்நாட்டிலும் உண்டு. மனிதன் என்னும் எல்லையிலே நின்றுவிடும் நமது இரக்கமும் அத்தகையதோ என வினாவுதல் தகும்.

இனி நம்நாட்டு வேட்டுவரை நோக்குவாம். இலங்கைத் தீவிலே பன்னெடுங்காலமாக வில்லால் வேட்டையாடியவர் வேடர். கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த இராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலிலே அவரைப்பற்றி வியத்தகு செய்தியொன்று கூறுகின்றார். அம்புத்தலை வேண்டிய வேடர், இரவிலே கொல்லனது பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டும் அம்பின் வடிவாகக் கத்தரித்த இலையொன்றனையும் உடன்வைத்துச் செல்வராம். கொல்லன் அவ்வண்ணமே அம்பு செய்துவைப்பின் மீண்டும் இறைச்சி கொணர்ந்து கொடுப்பராம். ஒரு சொல்லும் வழங்காது ஒருவரையொருவர் நம்பி நடந்த வாணிகம் இது. 1911இல் வேடரைப்பற்றி விரிவான நூல் வெளியிட்ட செலிக்மன் என்பவர், கீழ்க்கரையிலே தமிழரோடு கலந்து வாழ்ந்த கரையோர வேடரையுங் குறிப்பிடுகின்றார். வாகரை, பனிச்சங்கேணி முதலிய இடங்களிலே அவர் வழிவந்தோர் இன்றும் உளர். வள்ளிநாயகியாரை வேடர்மகளாகப் போற்றும் நாம், அவரைப் புறத்தவராகக் கருதுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

வேட்டையிலும் ஒரு வரையறை உண்டென்பதனைச் சேக்கிழார் பெருமான் நன்கு உணர்த்தியுள்ளார். திண்ணனாருடைய கன்னிவேட்டையை விரித்துரைக்குமிடத்து, அவ்வேடர் யானைக்கன்றுகளைத் தொடராமையும், சிறு குருளைகளைக் கொல்லாமையும், கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை வருத்தாமையும் எடுத்தோதுகின்றார். அமெரிக்க நாட்டார் இனப்பெருக்கங் கருதிச் சட்டத்தால் விதித்ததனை, இவ்வேடர் மரபினாற் காத்தனர் என்பது பெறப்படும்.

ஈண்டு ஒரு தடை நிகழும். "அங்ஙனமாயின், வரையறையோடு செய்யும் வேட்டை அறமேயாகும் அன்றோ?" எனின், அற்றன்று. தீமையின் குறைவு வேறு, அறம் வேறு. உழவனொருவனது களஞ்சியத்திலே புகுந்த கள்வன், விதைநெல்லை மாத்திரம் விட்டு ஏனையதைக் கவர்ந்து சென்றானாயின், அனைத்தையுங் கவர்ந்தவனிலும் அவன் கொடுமை குறைந்தவன் என்போம். ஆயின், அவன் விட்டுச்சென்ற நெல்லை அவன் செய்த தானமென்று கூறுவாரில்லை. அதுபோலச் சூற்பிணையை விடுத்தல் கொடுமையின் குறைவேயன்றிக் கலையைக் கொன்றதனை அறமாக்கமாட்டாது. இனங்குன்றாமை காட்டிற்கு நன்மை. அம்புபட்டு வீழ்ந்த அந்த ஒரு சேவலுக்கோ, தன் இனம் பெருகியது பற்றி யாதொரு பயனுமில்லை. உயிர்தோறும் வினையும் நுகர்ச்சியும் வேறுவேறென்பது நஞ் சித்தாந்தமாதலின், இனத்தின் நலத்தைக் காட்டி உயிரின் துன்பத்தை மறைத்தல் பொருந்தாது.

"அங்ஙனமாயின் எல்லாக் கொலையும் ஒருதன்மையவே, கருவியையும் பருவத்தையும் ஆராய்தல் வீண்" என்பது மற்றொரு தடை. அதுவும் பொருந்தாது. தேவை, வேதனை, கண்ணோட்டம் என்னும் மூன்றனாலும் கொலையின் கொடுமை ஏறுதலுங் குறைதலும் உண்டு. வேறு உணவில்லாதவன் பசியாற் கொல்லுதலும், உண்டு நிறைந்தவன் பொழுதுபோக்காகக் கொல்லுதலும் ஒன்றாகா. ஒரு நொடியில் உயிர்நீங்கக் கொல்லுதலும், குற்றுயிராக விடுத்து நாட்கணக்கில் வருத்துதலும் ஒன்றாகா. எதனைக் கொல்லுகின்றோமென நோக்கித் தெரிந்து செய்தலும், கண்மூடிச் செய்தலும் ஒன்றாகா.

இம்மூன்றனையுங் கொண்டு கருவிகளை அளந்து பார்ப்பின், சில உண்மைகள் புலப்படும். வில்வேட்டை கடினமானது, ஆதலின் அது பறவைக்கும் மனிதனுக்கும் ஒத்த போர் என்று சிலர் கூறுவர். இது மயக்கவுரை. வேடனுக்கு உண்டாகும் வருத்தம் பறவைக்குச் செய்யும் இரக்கம் ஆகாது. அப்பறவை எப்போருக்கும் உடன்பட்டு வந்ததன்று. மேலும், இறகு மூடிய அதன் உடம்பிலே உயிர்நிலை மிகச் சிறிது. குறி சிறிது தப்பினும், அம்பு தைத்தபடியே பறந்து சென்று புதரிற் கிடந்து வருந்திச் சாகும். குறுக்குவில் எய்தற்கு எளிதென்னுங் காரணத்தாற் குறிதப்புதல் குறையுமாயின், வில்லாளன் இகழும் அவ்வெளிமையே பறவைக்கு வேதனைக் குறைவாகும். அதனையே துணைக்கொண்டு தூரத்திலிருந்து துணிந்து எய்வானாயின், அப்பயனும் ஒழியும். ஆகவே கருவியின் பெருமை பேசுவார் பெரும்பாலுந் தம் பெருமையே பேசுகின்றனர் என்க.

கருவிகளுட் கடையாயது நம்நாட்டுக் காடுகளிலே வைக்கப்படுங் கட்டுத்துவக்கு. அதற்குக் கண்ணில்லை. பன்றிக்கென்று வைத்தது சூற்பிணையைக் கொல்லும். யானையின் காலைச் சிதைக்கும். தேனெடுக்கவும் விறகு பொறுக்கவுஞ் சென்ற ஏழையையும் வீழ்த்தும். வைத்தவனோ தன் வீட்டிலே உறங்குவான். வில்லேந்திய வேடன் கொன்றதனைத் தன் கண்ணாற் கண்டான். அக்காட்சியிலே என்றாவது ஒருநாள் அவன் நெஞ்சம் இளகுதற்கு இடமுண்டு. காணாது கொல்பவனுக்கு அவ்விடமும் இல்லை.

பேட்டின் குரலாற் சேவலை அழைத்துக் கொல்லும் உபாயமும் சிந்திக்கத்தக்கது. பழக்கிய மானைக் காட்டிக் காட்டுமானைப் பிடித்தல் நம்முன்னோரும் அறிந்ததே. அங்ஙனங் காட்டும் விலங்கினைப் பார்வை என்பர். உமாபதிசிவாசாரியர் திருவருட்பயனிலே, இறைவன் மனிதவடிவிற் குருவாக எழுந்தருளி வருதலுக்கு இப்பார்வையையே உவமை கூறினார். உபாயம் ஒன்றே. ஆயின் வேடன் அன்பின் குரலைக் காட்டி அழைத்து உயிரைப் போக்குகின்றான். குரு தன்னினத்து வடிவைக் காட்டி அழைத்துப் பாசத்தைப் போக்குகின்றான். ஓருயிர் பிறிதோருயிர்மேற் கொண்ட விருப்பத்தையே அதற்குக் கூற்றாக்குதல், கொலையோடு வஞ்சனையையுங் கூட்டுதலாம்.

இனிக் கண்ணப்ப நாயனாரைப்பற்றிய வினாவிற்கு வருவாம். காளத்தியப்பரைக் கண்டபின் அவர் வேட்டையை விடுத்தார் எனச் சிலர் கூறுவது சரித்திரத்தோடு மாறுபடும். அவர் பெருமானுக்கு ஊனமுது தேடி மீண்டும் வேட்டையாடினார் என்பதே வரலாறு. மாணாக்கரிடத்து இதனை மறைத்தல் ஆகாது. அவர் பேறு பெற்றது வேட்டையினாலன்று, அன்பினாலாம். தாம் அறிந்த உணவுள் நல்லதனையே, தாம் அறிந்த முறையிலே, தமக்கென ஒன்றுங் கருதாது கொடுத்தார். அச்சரித்திரத்தின் முடிவிலே நிகழ்ந்தது யாது? பிறவுயிர்மேற் சென்று பழகிய அம்பினையே எடுத்துத் தம் கண்ணை அகழ்ந்து அப்பினார். பிறிதின் உடம்பைக் கொடுத்தவர் தம்முடம்பையே கொடுத்தார். அம்பு திரும்பிய அவ்விடத்திலேயே அவரது வேட்டையும் முற்றுப்பெற்றது. கண்ணப்பரைக் காட்டி வேட்டையை நியாயமென்பார், அவ்வம்பு இறுதியிற் சென்ற இடத்தையும் நோக்குவாராக.

இத்துணையுங் கூறியபின், நம்மையும் நாம் அளந்து பார்த்தல் வேண்டும். 1949இல் தொடங்கிய பட்டிப்பளையாற்றுத் திட்டத்தினால் அக்காலத்து மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியிலே பெருவயல்கள் விளைந்தன. வேடர் வேட்டையாடித் திரிந்த காடுகள் நீரில் ஆழ்ந்தன. 1983இல் மதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது, தம்பானை வேடருடைய வேட்டைக்காடுகள் அதனுள் அடங்கின. நேற்றுவரை அவர்க்குச் சீவனமாயிருந்த தொழில் அன்றுமுதற் குற்றமாயிற்று. விலங்கினைக் காத்தல் நன்றே. ஆயின் காட்டின் பெரும்பகுதியை அழித்து உண்டவர், எஞ்சிய பகுதியிலே வில்லெடுத்த ஏழையை நோக்கி, "நீ பாவி" என்றல் நன்றாகுமோ? விலைகொடுத்து உண்பவனும் கொலையிற் பங்குடையன் எனத் திருவள்ளுவர் புலான் மறுத்தலிலே உணர்த்தினார். ஊன் உண்ணாத நாமும், ஏர்முனையில் மடியும் உயிர்களையும், வயலுக்காக வீடிழந்த மானையும் மயிலையும் நினைப்போமாயின், பிறரை இகழ வாய் எழாது.

ஆகவே ஆசிரியர்மார் இதனைக் கற்பிக்குமிடத்து மூன்றனைக் கடைப்பிடித்தல் நலமென்பது எங்கருத்து. முதலாவது, கொல்லாமையே தலையாய அறமெனத் தெளிவாகக் கூறுக. வரையறையுள்ள வேட்டையைப் புகழ்ந்து அதனை மழுக்கற்க. இரண்டாவது, தீமையினுள்ளும் ஏற்றக்குறைவு உண்டென்பதனை மறைக்கற்க. முற்றும் விடமாட்டாதவன் சிறிது விடுவதும் ஏணியின் முதற்படியாம். கட்டுத்துவக்கை எடுத்துவிட்டவனும், குஞ்சுள்ள கூட்டைத் தொடாது மீண்டவனும் அப்படியில் ஏறியவரே. மூன்றாவது, வேட்டுவனுடைய பிள்ளை தலைகுனியும்படி ஒருபோதுங் கற்பிக்கற்க. அப்பிள்ளையின் குலத்திலேயே கண்ணப்பர் தோன்றினார் என்பதனை முன்னர்ச் சொல்லி, அவர் அம்பு எங்கே திரும்பியதென்பதனைப் பின்னர்ச் சொல்லுக.

வடகீழ்ப் பருவக்காற்றோடு வாவிக்கு வந்து சேரும் புட்களையும், படுவான்கரைக் காட்டிற் கூவும் காட்டுக்கோழியையும் காண்பதற்கு மாணாக்கரை அழைத்துச்செல்லுதல் இப்பாடத்தின் சிறந்த பகுதியாகும். ஓருயிரின் வாழ்க்கையை உற்றுநோக்கிய கண்ணிலே இரக்கம் தானே ஊறும். அவ்விரக்கம் சிறுவர் நெஞ்சில் வேரூன்றத் திருவருள் துணைசெய்வதாக.