ஒருமையும் பன்மையும்

கூர் புகையிரத நிலையத்துக்கு முன்னால் நின்றால் அறோசா மலைக்குப் போகும் சிவப்பு ரயிலைக் காணலாம். கார்களும் சைக்கிள்களும் போகிற அதே தெருவில் அது ஊர்ந்து செல்லும். 1914இலிருந்து அறோசாவுக்கு ரயில் ஓடுகிறது. ஒருவரோடு ஒருவர் முட்டுவதுமில்லை, நெருங்குவதுமில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் அகதிகளாக வந்த நாம், இந்நகரத்து மனிதரும் இப்படித்தான் என்று எண்ணினோம். முன்பின் தெரியாதவரும் தெருவில் வணக்கம் சொல்லுவார். ஆனால் வருடக்கணக்காக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினாலும் வீட்டுக்குள் கூப்பிடமாட்டார்.

‘சுவிஸ்காரனுக்குச் சிநேகிதம் தெரியாது’ என்பது நமது கொண்டாட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு. ஊரிலே சொல்லாமல் கொள்ளாமல் போய்க் குசினி வரை நுழைவோம். இங்கே ஒரு தேநீர் குடிக்கவும் கலண்டரைப் பார்க்கிறார்கள். இதை நாமும் நெடுங்காலம் நம்பினோம்.

ஜேர்மன் மொழியிலும் நீ, நீங்கள் உண்டு: ‘டூ’, ‘சீ’. வளர்ந்தவர்கள் புதியவரைச் ‘சீ’ என்பார்கள். நெருக்கம் வந்தபின், வயதில் மூத்தவர்தான் ‘இனி டூ என்றே பேசுவோம்’ என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அது இரு பக்கத்துக்கும் பொது.

நமது கீழ்வீட்டு மூதாட்டி றொமான்ஷ் பேசும் பள்ளத்தாக்கு ஒன்றிலிருந்து வந்தவர். 1938இல் மக்கள் வாக்களித்துத் தேசிய மொழியாக்கிய மொழி அது. ஆனாலும் கூரில் அவரும் தன் மொழியை வீட்டுக்குள் விட்டுவிட்டுத் தெருவில் ஜேர்மன் பேசுகிறவர்தான். எட்டாவது வருடம், உடுப்புத் தோய்க்கும் அறையில், ஈரக் கையைத் துடைத்துவிட்டு நீட்டித் தன் முதற்பெயரைச் சொன்னார். நமக்கு வாய் வரவில்லை. தாயிலும் மூத்தவரை எப்படி ‘நீ’ என்பது? மறுநாளும் ‘சீ’ என்றோம். அவர் முகம் வாடிவிட்டது. நாம் மரியாதை என்று நினைத்தது, அவர் திறந்த கதவை மூடியதாகப் போயிற்று.

வந்த புதிதில் வேலைசெய்த உணவகக் குசினியில் முதலாளி முதல் நாளே நம்மை ‘டூ’ என்றார். நாம் அவரைக் கடைசிவரை ‘சீ’ என்றோம். அது நட்பல்ல என்பது யாரும் விளக்காமலே நமக்கு விளங்கியது. எப்படி விளங்கியது? அந்த வழக்கத்தை நாம் ஊரிலேயே படித்திருந்தோம்.

நம் வளவுப் பனைகளைச் சீவ வந்தவர் நம் தகப்பனிலும் மூத்தவர். சிறுபிள்ளைகளான நாம் அவரைப் பெயர் சொல்லி ‘நீ’ என்றோம். அவர் நம்மை ‘நயினார்’ என்றார். அவருக்குத் தேநீர் முற்றத்தில், தனிப் பேணியில். ‘அவன் எங்கள் வீட்டு ஆள் மாதிரி’ என்று பெருமையாகவும் சொன்னோம். குசினி வரை போனவர் யார், முற்றத்தோடு நின்றவர் யார் என்று நாம் கேட்டதில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னும், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டவர்களை மறித்து நின்றவர்கள் நம்மவர்களே.

கூர்க்காரரின் விலகலை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. தனியே வந்த மனிதனுக்கு அந்த விலகல் வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஊரில் நம் நட்பு, சாதியும் பாடசாலையும் அயலும் தயாராகத் தந்துவிட்ட ஒன்று. அந்நியன் ஒருவனைச் சிநேகிதனாக்கும் வேலையை நாமும் அங்கே செய்து பழகவில்லை. இன்றைக்கும் பிள்ளைகள் ஒரு தமிழ்ச் சிநேகிதனைக் கூட்டிவந்தால், ‘தம்பி ஊரிலை எந்த இடம்?’ என்று கேட்கிறோம். எதற்காகக் கேட்கிறோம் என்பது நமக்குத் தெரியும்.

மூதாட்டியை ‘டூ’ என்று சொல்ல நமக்கு மூன்று மாதம் பிடித்தது. இப்போது நாவுக்குப் பழகிவிட்டது. பனை சீவ வந்தவருக்குச் சொல்லவேண்டியிருந்த ‘நீங்கள்’ மட்டும் இன்னும் சொல்லப்படாமலே கிடக்கிறது.