கொடையும் கடனும்

பசித்தவனுக்குச் சோறிடுவது அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. வறிய வீட்டு இளைஞனுக்குத் தொழில் கற்பிப்பது அறமா என்று வினவினால், அதுவும் அறமே என்று உடனே விடை வரும். ஆனால், அது எவ்வகை அறம் என்று மேலும் வினவினால் விடை எளிதில் வருவதில்லை. விரும்பினால் செய்து, விரும்பாவிடில் விட்டுவிடக்கூடிய கொடையா அது? அன்றிச் செய்தே தீரவேண்டிய கடனா?

இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. கொடை என்று கருதிக் கொடுப்பவன் நன்றியை எதிர்பார்க்கிறான்; கடன் என்று கருதிக் கொடுப்பவன் முழுவதும் கொடுத்தோமா என்று தன் கணக்கைப் பார்க்கிறான். கொடையைப் பெறுபவனின் தலை சற்றே தாழ்கிறது. உரியதைப் பெறுபவனின் தலை நிமிர்ந்தே இருக்கிறது. திருவள்ளுவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். வறியவர்க்கு வழங்குவது மட்டுமே அறம் என்றால் ஈகை ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். சமுதாயத்தில் வாழ்பவன் சமுதாயத்திற்குச் செய்யவேண்டிய கடமை ஒன்று தனியே உண்டு என்பதனாலேயே ஒப்புரவு தனி அதிகாரம் பெற்றது எனலாம்.

இவ்வினாவை ஏட்டளவில் ஆராய்வதைவிட ஓர் ஊரை முன்வைத்து ஆராய்வது நன்று. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த சிற்றூர் ரிங்லெட். தாப்பாவிலிருந்து மலையேறி வருவோரை முதலில் எதிர்கொள்ளும் ஊர் அது. அதன் அருகே 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு அழித்து, சரிவு திருத்தி, கொழுந்து கிள்ளிய கைகளுள் தமிழர் கைகள் பல. பிரட்டுக்களத்தில் விடியுமுன் கூடி, கூடை சுமந்து, பொழுது சாய லயத்திற்குத் திரும்பிய தலைமுறைகளின் உழைப்பு அம்மலையின் பசுமையில் கலந்திருக்கிறது.

ரிங்லெட்டுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது மின்சாரம் பிறக்கும் மலை. 1960களில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தது. அவ்வணை தேக்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மேற்கே சென்று, சுல்தான் யூசோப் நிலத்தடி மின்நிலையத்தில் 100 மெகாவாட் திறனுள்ள பொறிகளைச் சுழற்றுகிறது. நாட்டின் நகரங்களுக்கு ஒளி சென்ற அக்காலத்தில், மலாயாத் தோட்டப்புறங்கள் பலவற்றில் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கின் அடியில்தான் பாடம் படித்தனர். 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் கனமழையின்போது அணைநீர் திறந்துவிடப்பட்டதில், கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. ஒளியின் பயன் தொலைவில் இருந்தவர்க்குச் சென்றது. அதன் இடர் அருகில் இருந்தவர்மேல் விழுந்தது. ஒரு நாட்டின் வளம் ஒரு சாராரின் உழைப்பாலும் இடராலும் பெருகியிருக்குமாயின், அவர்தம் பிள்ளைகளுக்கு வாழ வழி காட்டுவது கொடையாகுமா? வாங்கியதைத் திருப்பித் தருவதற்குப் பெயர் கடன் தீர்த்தல் அன்றோ!

இன்று தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்போரில் அயல்நாட்டுத் தொழிலாளரே மிகுதி. தோட்டத் தமிழரின் பிள்ளைகள் கூடையை மீண்டும் சுமக்க விரும்பவில்லை. விரும்பவேண்டும் என்று சொல்லவும் எவருக்கும் உரிமையில்லை. அவர்களுள் நன்கு படித்தோர் பல்கலைக்கழகம் செல்கின்றனர். அவர்களைப் பற்றிய கவலை சமுதாயத்திற்கு வேண்டுவதில்லை. எஸ்.பி.எம். தேர்வில் தவறியோர், அதற்கு முன்பே பள்ளியை விட்டோர், தந்தையின் நோயாலும் தாயின் வறுமையாலும் படிப்பை நிறுத்தியோர் ஆகியோரே கவலைக்குரியோர். தோட்டத்தின் வாயில் அடைந்துவிட்டது. கல்லூரியின் வாயில் திறக்கவில்லை. இவ்விரு வாயில்களுக்கு இடையே நிற்கும் இளைஞனைத் தீயோர் கூட்டம் தேடி வருவதற்கு முன், நல்லதொரு தொழில் தேடி வரவேண்டும்.

அத்தகைய தொழில்களுள் ஒன்று சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தொழில். மலேசியா 2011இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தை இயற்றி, அதனை நடைமுறைப்படுத்தச் செடா எனும் ஆணையத்தையும் நிறுவியது. 2050ஆம் ஆண்டிற்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்கவேண்டும் என்பது 2023இல் வகுத்த இலக்கு. இவ்விலக்கை எட்ட ஆயிரமாயிரம் கூரைகளில் தகடுகள் ஏறவேண்டும். தகடு தானாகக் கூரை ஏறாது. அதனை ஏற்றும் கைகள் வேண்டும். அக்கைகள் யாருடையவை என்பதே வினா.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். "முன்னே கூடை சுமந்தவனின் பேரன் இனித் தகடு சுமக்கவேண்டுமா? பொறியாளர் நிழலில் அமர்ந்து திட்டம் தீட்ட, இவன் வெயிலில் ஏறவேண்டுமா? இது பழைய கூலித் தொழிலின் புதிய பெயர் அன்றோ?" இம்மறுப்பைத் தள்ளிவிட இயலாது. அதில் உண்மை உண்டு. சில நாள் பழக்கி, ஏணியைப் பிடிக்கவும் திருகாணியை முடுக்கவும் மட்டும் கற்பித்து அனுப்புவதாயின், அது பயிற்சியன்று, ஆள் சேர்ப்பு.

இத்தொழிலின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு செய்யார். சூரியத் தகடு பகலில் அணைக்க முடியாத விளக்குப் போன்றது. ஒளி படும்வரை அது மின்சாரம் ஈந்துகொண்டே இருக்கும். தொடராக இணைத்த தகடுகளில் மின்னழுத்தம் சில நூறு வோல்ட்டை எட்டும். அந்நேர்மின்னோட்டத்தை வீட்டிற்கேற்ற மாறுமின்னோட்டமாக மாற்றுவது இன்வர்ட்டர். இடையில் ஓர் இணைப்பு தளர்ந்தாலும் மின்பொறி எழுந்து கூரை தீப்பற்றக்கூடும். இத்தனையும் அறியாதவனைக் கூரை ஏற்றுவது அவனுக்கும் தீங்கு, வீட்டாருக்கும் தீங்கு. எனவே அரைகுறைப் பயிற்சி வெறும் குறைபாடன்று; அறக்கேடு.

முழுப் பயிற்சியோ ஏணி போன்றது. மலேசியத் திறன் சான்றிதழின் முதல் நிலைக்குத் தேர்வுப் புள்ளிகள் தடையாவதில்லை. அதன்மேல் இரண்டாம், மூன்றாம் நிலைகளும் பட்டய நிலைகளும் உள்ளன. ஆற்றல் ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியர்க்கெனச் செடா தனிப் பயிற்சியும் வகுத்துள்ளது. முதற்படியில் நிற்பவனுக்கு மேற்படிகள் கண்ணுக்குத் தெரியவேண்டும். ஏறுவதும் ஏறாமையும் அவன் விருப்பம். ஆனால் மேற்படியை மறைத்து வைப்பவன் கூலித் தொழிலையே மீண்டும் படைக்கிறான்.

படிப்பறிவு குறைந்தவர்க்கு இத்தொழில் வருமா என்பது மற்றொரு மறுப்பு. இதற்கு விடை இராசத்தான் மாநிலத்தின் திலோனியா எனும் சிற்றூரில் உள்ளது. 1972இல் பங்கர் ராய் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி, எழுத்தறிவு குன்றிய சிற்றூர்ப் பெண்களைச் சூரிய மின்பொறியாளராக்கியது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பாட்டிமார்கள் அங்கு வந்து ஆறு திங்கள் தங்கிப் பயின்றனர். ஆசிரியருக்கும் அவர்களுக்கும் பொதுமொழி இல்லை. வண்ணங்களும் கையசைவுகளும் செய்முறையுமே பாடநூல்களாயின. ஊர் திரும்பிய அவர்கள் தத்தம் குடிசைகளில் விளக்கேற்றினர். கற்கும் ஆற்றல் வேறு, தேர்வெழுதும் ஆற்றல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

திலோனியா மற்றொரு வினாவையும் எழுப்புகிறது. அங்கே இளைஞரை விடுத்து முதிய பெண்களைத் தெரிவு செய்ததற்குக் காரணம், சான்றிதழ் பெற்ற இளைஞர் நகரத்திற்குப் போய்விடுவர் என்பதே. ஊருக்கு ஒளி வேண்டும் என்பது நோக்கமாயின் அத்தெரிவு அறிவுடையதே. ஆனால், ரிங்லெட் இளைஞனுக்குத் தொழில் கற்பித்துவிட்டு, "நீ இம்மலையை விட்டுப் போகக்கூடாது" என்று கட்டுப்படுத்தலாமா? தோட்ட வாழ்வு அவன் முன்னோரை ஒரே இடத்தில் கட்டி வைத்தது. வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சமே அக்கட்டு. பயிற்சியும் அவ்வாறு ஒரு கட்டாகிவிடின், விடுதலை எங்கே? கொடுப்பவன் கொடையெனக் கருதும்போதுதான் கட்டுப்பாடு விதிக்கத் தோன்றும். கடனைத் திருப்பிக் கொடுப்பவன், "இப்பணத்தை இவ்வாறுதான் செலவிடவேண்டும்" என்று சொல்ல முடியுமா? இருப்பவன் இருக்கட்டும், பறப்பவன் பறக்கட்டும். இருப்பவனுக்கு ஊரில் வேலை கிடைக்க வழி செய்வது மட்டுமே சமுதாயத்தின் பொறுப்பு.

வேலை என்றதும் ஓர் எச்சரிக்கை தேவையாகிறது. இந்திய அரசு 2015இல் சூரியமித்ரா எனும் திட்டத்தைத் தொடங்கி, 90 நாள் உறைவிடப் பயிற்சியைக் கட்டணமின்றி அளித்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுக்குள் 50,000 பேரைப் பயிற்றுவிப்பது இலக்கு. பயின்றோர் பலராயினும் அனைவருக்கும் வேலை கிட்டவில்லை. சான்றிதழோடு வாயிலில் நிற்கும் இளைஞனின் ஏமாற்றம், சான்றிதழே இல்லாதவனின் ஏமாற்றத்தினும் கொடியது. அவனுக்கு நம்பிக்கை ஊட்டப்பட்டது. பின்னர் அது பறிக்கப்பட்டது. ஆகவே, எத்தனை பேர் பயின்றனர் என்று எண்ணுவதோடு கடன் தீர்ந்துவிடுவதில்லை. எத்தனை பேர் உழைத்து உண்கின்றனர் என்று எண்ணும்போதே தீர்கிறது.

மலேசியத் தமிழர் இத்திசையில் அடி எடுத்து வைக்காமல் இல்லை. 2011இல் தோன்றிய மைஸ்கில்ஸ் அறவாரியம், பள்ளியை இடையில் விட்ட வறிய இந்திய இளைஞரைத் தேடிச் சேர்த்துத் தொழில் கற்பித்து வருகிறது. தோற்றவன் என்று முத்திரை குத்தப்பட்டவனுக்குக் கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன் தன்மதிப்பைக் கொடுக்கவேண்டும் என்பது இத்தகைய பணிகள் கற்பிக்கும் பாடம்.

இப்பாடம் பள்ளிகளுக்கும் உரியது. கேமரன் மலையில் முகில் மிகுதி, மழையும் மிகுதி. அதனால் அங்குச் சூரிய ஒளி குறைவே. ஆயினும் சிலிக்கான் தகடு வெப்பம் ஏற ஏறத் திறன் குன்றும் இயல்புடையது. ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும். மலைக் குளிர் அதற்கு நன்மையே செய்கிறது. இழப்பையும் ஆதாயத்தையும் ஒரு சிறு தகட்டைக் கொண்டு மாணவர் தாமே அளந்து பார்க்கலாம். கணக்கும் அறிவியலும் கையோடு சேரும் அவ்விடத்தில், கடைசி இருக்கை மாணவன் முதலிருக்கைக்கு வருவான். கைத்தொழிலைத் தோற்றவர்க்குரிய புகலிடமாகக் காட்டும் ஆசிரியர் ஒருவர், தாம் அறியாமலே ஒரு மாணவனின் வாழ்வைச் சிறிதாக்கிவிடுகிறார். கம்பியை அறிந்து இணைக்கும் கையும் கவிதை எழுதும் கையும் ஒரே மதிப்புடையவை என்று வகுப்பறையில் சொல்லப்படும் நாளில்தான் தொழிற்பயிற்சி தொடங்குகிறது.

ஞாயிறு தன் ஒளியைத் தோட்டத் துரையின் மாளிகைக்கும் லயத்தின் தகரக் கூரைக்கும் வேறுபாடின்றி வழங்குகிறது. அவ்வொளியை மின்சாரமாக்கும் அறிவை மட்டும் வேறுபாட்டோடு வழங்கியது மனிதனின் செயல். அவ்வேறுபாட்டை நீக்குவோர் எவரும் வள்ளல் எனப் பெயர் பெறவேண்டுவதில்லை. நெடுநாள் நிலுவையில் கிடந்த கடனை நேர்மையாகத் தீர்த்தவர் என்ற பெயரே போதும்.